உம் கொட்ட ஒருத்தி

இருட்டுப்பள்ளம்,
10.03.2025

அன்புத் தங்கை பங்காருவுக்கு,

அக்காள் ராமாமணி எழுதுவது. என் உடல் சீராக உள்ளது. உன் முழங்கால் வலி தணிந்ததா, புதிதாக வாங்கிய காதுக் கருவியேனும் உதவுகிறதா என்பதை அறிய விழைகிறேன்.

நீ ஏற்பாடு செய்து தந்த வீட்டிற்கு நேற்று முன்தினம் வந்து சேர்ந்தேன். சிறுவாணிச் சாலையிலிருந்து பிரிந்து, பாக்குத் தோப்புகளுக்கு நடுவே ஒரு மைல் உள்ளே இருக்கிறது. கோவையில் என் வீட்டுச் சுவர்கள் இப்போதே கொதிக்கின்றன. இங்கோ விடியற்காலையில் போர்வை தேவைப்படுகிறது. ஆறு மணிக்கு மேல் யானை நடமாட்டம் உண்டென்று கதவைச் சாத்திக்கொள்ளச் சொல்கிறார்கள். கைபேசிக்கு டவர் கிடைப்பதில்லை. அதனால் எனக்கு இழப்புமில்லை. உனக்குப் பேசினால் கேட்காது. எனக்கோ, விரலால் தேய்த்து அனுப்பும் செய்திகள் எழுத்தாகவே தோன்றுவதில்லை. வீட்டில் தெலுங்கு பேசினாலும் அதை எழுத அறியாத குடும்பம் நம்முடையது. தமிழையாவது முறையாக எழுதிக்கொள்வோம்.

என் நூல் ‘முன்னே போன தடம்’ ஐந்நூறு படிகளும் அட்டைப்பெட்டிகளில் கட்டிலுக்கடியில் உள்ளன. எந்தப் பதிப்பகத்தார் வாசலிலும் நிற்காமல் நானே அச்சிட்டவை. ஏழாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட ஒருத்தி, மளிகைப் பொட்டலத் தாள்களைப் படித்தே தமிழ் கற்றுப் பன்னிரண்டு கதைகள் எழுதினாள் என்பதை ஒன்பது ஊர்களின் வாசகர்முன் நின்று சொல்லப் போகிறேன். ஜூன் எட்டாம் நாள் அவிநாசியில் தொடக்கம். நாம் பிறந்த மண்ணிலேயே முதல் வாசிப்பு. இந்த ஒன்றுக்காகத்தான் இத்தனை ஆண்டுகள் காத்திருந்தேன். அதற்குள் உரக்கப் படித்துக் குரலைப் பழக்க வேண்டும்.

கூடத்தில் ஒரு பிரம்பு நாற்காலி இருக்கிறது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பழனியாத்தாள் அதை மட்டும் நகர்த்த மறுக்கிறாள். “அது அக்காளோட சேருங்க” என்கிறாள். எந்த அக்காள் என்றால், “இருந்தாங்க” என்பதோடு சரி. நானே அதை இழுத்து எனக்கெதிரே போட்டுக்கொண்டேன். அவையோர் அமர்ந்திருப்பதாகப் பாவிக்க ஓர் இருக்கை வேண்டுமல்லவா?

வீட்டுக்காரர் பெயரை நீ எழுதவில்லை. நன்றி கூற வேண்டும், தெரிவி.

அன்புள்ள அக்காள்,
ராமாமணி


போத்தனூர்,
18.03.2025

அக்காவுக்கு பங்காரு வணக்கம் சொல்லி எழுதுவது.

முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. காதுக் கருவியைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டேன். மின்விசிறிச் சத்தம்தான் பெரிதாகக் கேட்கிறது, மனுசர் பேச்சு கேட்பதில்லை. உதட்டைப் பார்த்தே சமாளிக்கிறேன். என்னோடு தங்கிக் கல்லூரிக்குப் போகும் பேத்தி ஹாரிகா, “அம்மம்மா, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு பேசினாக்கூடப் படிச்சுடறீங்க, உங்க வீட்டுல ரகசியமே பேச முடியாது” என்று சிரிக்கிறாள்.

வீட்டுக்காரர், என் வீட்டுக்காரரோடு ரயில்வேயில் வேலை பார்த்தவர். நன்றியை நானே சொல்லிவிட்டேன்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். புத்தகம் முழுவதையும் அந்த வீட்டில் வாய்விட்டுப் படியுங்கள். ஒரு கதையையும் விட வேண்டாம். நாற்காலி எதிரிலேயே இருக்கட்டும்.

மதியத்தில் மோர் குடியுங்கள். தோட்டத்தில் செருப்பில்லாமல் நடக்காதீர்கள்.

தங்கச்சி,
பங்காரு


இருட்டுப்பள்ளம்,
31.03.2025

அன்புத் தங்கைக்கு,

நேற்று யுகாதி. வேப்பம்பூப் பச்சடியைத் தனியே செய்து தனியே உண்டேன். ஆயினும் மனம் நிறைவாக உள்ளது. நீங்கள் அனைவரும் பண்டிகையைக் குறைவின்றிக் கொண்டாடியிருப்பீர்கள்.

வியப்பான செய்தி ஒன்றுண்டு. நாள்தோறும் மதியம் மூன்று மணிக்கு அமர்ந்து படிக்கிறேன். சென்ற வாரம் இரண்டாவது கதையில் ஒரு பத்தி முடிந்த இடத்தில் ‘ம்’ என்றோர் ஒலி கேட்டது. கதை கேட்பவர் கொட்டும் உம். அடுத்த பத்திக்கும் அவ்வாறே. பழனியாத்தாள் கதவுக்குப் பின் நின்று கேட்கிறாள் என எண்ணி மகிழ்ந்து எட்டிப் பார்த்தேன். அவள் தோப்பில் பாக்குமட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவளே பேச்செடுத்தாள். அவள் சொன்னபடியே தருகிறேன், கொச்சையைப் பொறுத்துக்கொள்.

“ஏனுங்கம்மா, மத்தியானம் ஊட்டுக்குள்ள யாருங்க?”

“ஒருவருமில்லை. நான் கதை படித்துக்கொண்டிருந்தேன்.”

“படிச்சீங்களா? எனக்கு ஊங்கொட்டறது மட்டுந்தானுங்க கேட்டுச்சு.”

“உனக்கும் கேட்டதா?”

“கேட்டுச்சுங்க. பல்லுவலியாட்ட இருக்குது, மொனகறீங்கன்னு நெனச்சுபோட்டேன். கிராம்பு கொண்டாரலாம்னு பாத்தனுங்க.”

ஆக, அது என் செவியின் மயக்கமன்று, இருவர் கேட்டிருக்கிறோம். ஓட்டுக் கூரையின் எதிரொலி என முடிவு செய்திருக்கிறேன். எதிரொலியாயினும் பண்பறிந்த எதிரொலி; கொட்ட வேண்டிய இடத்தில் மட்டும் கொட்டுகிறது.

இன்னொன்று. இரண்டு மணி நேரம் தொடர்ந்து படித்தும் தொண்டை வறள்வதில்லை. செம்பில் வைத்த நீர் வைத்தபடியே இருக்கிறது. மலைக்காற்றின் மகிமை!

அன்புள்ள அக்காள்,
ராமாமணி


போத்தனூர்,
06.04.2025

அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம்.

அந்த ‘ம்’ எப்படி வருகிறது? வெட்டினாற்போல் நிற்கிறதா, இழுத்து வருகிறதா? புத்தகத்தில் எங்காவது வராமல் போகிறதா? இதை மட்டும் எழுதுங்கள்.

பயமாக இருந்தால் உடனே புறப்பட்டு வாருங்கள். பழனியாத்தாளைத் துணைக்குப் படுக்கச் சொல்லுங்கள்.

பங்காரு


இருட்டுப்பள்ளம்,
15.04.2025

அன்புத் தங்கைக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். நான் அஞ்சவில்லை. அஞ்சுவதற்கு இங்கு யாதுமில்லை. முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறாயா என்பதை எழுத மறந்துவிட்டாய்.

உன் வினாக்களுக்கு விடை: அந்த ஒலி தாழ்ந்து தொடங்கி, முடிவில் மூக்கினுள் சற்றே மேலேறும், ‘பிறகு?’ என்று அவசரப்படுத்துவது போல. பன்னிரண்டு கதைகளிலும் தவறாமல் வருகிறது. முன்னுரைக்கு மட்டும் வருவதில்லை. ‘இக்கதைகளை எனக்குச் சொன்னார் எவருமிலர், யாவும் என் சிந்தையில் முளைத்தவை’ என்ற வாக்கியத்தை ஏழுமுறை படித்தேன். ‘எவருமிலர்’ கடினமோ என்றெண்ணி ‘யாருமில்லை’ என எளிமையாக்கியும் பார்த்தேன். அதற்கும் ‘ம்’ இல்லை.

ஏழாவது கதையில் ஒரு விந்தை. கதை உனக்குத் தெரியும். புதுப்பெண் புகுந்த ஊரில் முதன்முதலாகத் தண்ணீருக்குப் போகிறாள். ஈர மணலில் அவளுக்கு முன்பே ஒருத்தி நடந்த தடம். அச்சிலுள்ளபடி அவள் அஞ்சித் திரும்பி ஓடுகிறாள். நேற்று என் காதில் விழுந்ததோ வேறு: அவள் தன் காலைத் தடத்தில் வைத்துப் பார்த்தாள், அளவு சரியாக இருந்தது, அந்த வழியே போனாள். புத்தகத்தை மீண்டும் புரட்டினேன். அச்சில் அவ்வாறில்லை. படிக்கும்போதே நாவு திருத்திவிட்டது போலும்.

என் வாசிப்பைக் கைபேசியில் பதிந்து, மெமரி கார்டை இத்துடன் வைத்துள்ளேன். உச்சரிப்பும் வேகமும் அவைக்குப் பொருந்துமா என ஹாரிகா கேட்டுச் சொல்லட்டும். விரைந்து எழுது.

அன்புள்ள அக்காள்,
ராமாமணி


இருட்டுப்பள்ளம்,
30.04.2025

பங்காருவுக்கு,

நலமா? பதினைந்து நாளாயிற்று, பதிலில்லை. தபால்காரரை இருமுறை கேட்டுவிட்டேன். குறையிருந்தால் குறையெனச் சொல். நான் திருத்தத்திற்கு அஞ்சுபவள் அல்லள்.

பழனியாத்தாள் வாசலோடு நின்றுவிடுகிறாள். பெருக்குவதற்கும் உள்ளே வருவதில்லை. “நீங்க ரெண்டு பேரும் பேசி முடிங்க, நானு அப்பறமேட்டு வாரனுங்க” என்கிறாள்.

நேற்று ‘யாரது?’ என்று நான் கேட்டேன். விடை வந்திருக்க வேண்டும். ஏனெனில் சற்றுப் பொறுத்து ‘ம்’ எழுந்தது.

ராமாமணி


போத்தனூர்,
06.05.2025

அக்காவுக்கு பங்காரு எழுதுவது.

உடம்பைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

கார்டு வந்த அன்றே ஹாரிகா கேட்டாள். முகம் ஒரு மாதிரி ஆனது. அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

“அம்மம்மா, இதுல பெரிய அம்மம்மா படிக்கவே இல்லை.”

“முன்னுரை?”

“அது இருக்கு. கணீர்னு இருக்கு. அதுக்கப்புறம் ஒண்ணுமில்லை. காக்கா கத்துது, தூரத்துல டிராக்டர் போகுது. நடுவுல நடுவுல பெரிய அம்மம்மா ‘ம்’ங்கறாங்க. முக்கால் மணி நேரமும் அதேதான்.”

“போன் கெட்டுப்போயிருக்குமோ?”

“டிராக்டர் கேக்குது, படிச்சது கேக்காதா?”

அந்த ‘ம்’மை எனக்கு நடித்துக் காட்டச் சொன்னேன். என் விரலை அவள் மூக்கின்மேல் வைத்துப் பார்த்தேன். கடைசியில் மேலே ஏறுகிறது. அக்கா, அது உங்களுடைய உம். எனக்குக் காது நன்றாகக் கேட்ட காலத்தில் தினமும் கேட்ட உம்.

அவிநாசிப் பக்கம் நம் பருத்திக்காடு. பண்ணையத்துக்கு வந்தவர்கள் வீட்டுப் பொற்கொடி பருத்தி எடுத்துக்கொண்டே கதை சொல்லுவாள். நீங்கள் அடுத்த சால் வரிசையில் நடந்தபடி உம் கொட்டுவீர்கள். நான் உங்கள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு வருவேன். உம் நின்றால் அவளும் நின்றுவிடுவாள். “ஊங்கொட்டாட்டி சொல்ல மாட்டனுங்க அம்மணி, கதை பாதியில நின்னு அழுகும்” என்பாள். பன்னிரண்டு கதையும் அவளுடையதுதான். தடத்தில் கால் வைத்துப் பார்ப்பதுதான் அவள் சொன்ன முடிவு. நீங்கள்தான் எழுதும்போது ஓட விட்டுவிட்டீர்கள்.

உங்கள் முதல் கதை வாரப் பத்திரிகையில் வந்தபோது, யாரோ படித்துக் காட்ட, அவள் உங்கள் கோவை வீட்டு வாசலுக்கு வந்தாள். நான் அன்று அங்கே இருந்தேன். சண்டைக்கு வரவில்லை. சிரித்துக்கொண்டு, “அம்மணி, நம்ம கதை வந்திருக்குதாமா” என்றாள். நீங்கள் அத்தானிடம், “யாரென்று தெரியவில்லை, வீடு மாறி வந்திருக்கிறாள்” என்று சொல்லி உள்ளே போனீர்கள். நான் ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனாள். நாற்பது வருசத்துக்கு மேல் ஆகிறது, நாம் இரண்டு பேரும் அதைப் பேசியதே இல்லை.

அந்த வீடு அவள் தம்பி சாமுவேலுடையது. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்று வாங்கினார். பொற்கொடி கடைசி ஆறு வருசம் அங்கேதான் இருந்தாள். போன ஐப்பசியில் அந்தப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டாள். அதற்கு முன் நான் போய்ப் பார்த்தபோது, “அம்மணி புஸ்தகம் போடறாங்களாமா? ஒருக்காப் படிச்சுக் கேக்கோணும்” என்றாள். அவளுக்குக் கேட்கட்டும் என்றுதான் உங்களை அங்கே அனுப்பினேன். வேறொன்றும் நினைக்கவில்லை. அவள் சொல்லுவாள் என்று நினைக்கவே இல்லை.

அவிநாசிக்கு முன்னால் அந்த முன்னுரையை மாற்றுங்கள். அவள் பெயரைப் போடுங்கள். காலில் விழுந்து கேட்கிறேன்.

பங்காரு


இருட்டுப்பள்ளம்,
14.05.2025

திருமதி பங்காரம்மாள் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றேன். நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை.

தாங்கள் குறிப்பிடும் பெயருடைய எவரையும் நான் அறியேன். ஐம்பது ஆண்டுகள் விளக்கடியில் அமர்ந்து ஒவ்வொரு சொல்லாகக் கற்றவள் நான். என் கையால் எழுதப்பட்டவை என் கதைகளே. ஒலிப்பதிவு குறித்து இனி எழுத வேண்டாம். என்னிடம் கூறாமல் என்னை ஒருவர் வீட்டில் குடிவைத்தது குறித்து நானும் எழுத மாட்டேன்.

முன்னுரை அச்சிட்டபடியே இருக்கும். அவிநாசியில் அதையே முதலில் படிப்பேன். நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுவிட்டேன்.

இவண்,
ராமாமணி


போத்தனூர்,
10.06.2025

அக்காவுக்கு,

நீங்கள் கூப்பிடவில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை நானும் ஹாரிகாவும் அவிநாசிக்கு வந்தோம். மண்டபத்தில் மூன்றாம் வரிசையில், தூணை ஒட்டி உட்கார்ந்தேன். உங்கள் முகம் நன்றாகத் தெரிந்தது. இளைத்துவிட்டீர்கள்.

நான் பார்த்ததை எழுதுகிறேன்.

முன்னுரை படித்தீர்கள். ஒவ்வொரு சொல்லும் உதட்டில் தெளிவாக இருந்தது. ‘எவருமிலர்’ என்றீர்கள். பக்கத்தைத் திருப்பினீர்கள். வாயை மூடினீர்கள்.

அதற்குப் பிறகு நாற்பது நிமிடம் உங்கள் உதடு பிரியவே இல்லை. கண் எதிரே பார்த்துக்கொண்டிருந்தது. தலை லேசாகச் சாய்ந்திருந்தது, பருத்திக்காட்டில் சாய்ந்ததைப் போல. இடையிடையே தொண்டை மட்டும் அசைந்தது. நான் சுற்றிலும் பார்த்தேன். ஜனங்கள் உம் கொட்டுவதுபோல் தலையாட்டுகிறார்கள், சிரிக்கிறார்கள். முன்வரிசையில் ஒரு பெரியவர் துண்டால் கண்ணைத் துடைக்கிறார். ஹாரிகா என் கையை இறுக்கிப் பிடித்திருக்கிறாள். எல்லோரும் எதையோ கேட்கிறார்கள். எனக்கு மட்டும், மூடின வாயோடு நீங்கள் உட்கார்ந்திருப்பது தெரிகிறது.

கைதட்டல் முடிந்து வெளியே வந்ததும் ஹாரிகாவைப் பிடித்துக்கொண்டேன்.

“என்ன கேட்டுது உனக்கு?”

“கதைதான் அம்மம்மா. ஆனா முன்னுரைக்கு அப்புறம் குரலை மாத்திட்டாங்க. சின்னப் பொண்ணு மாதிரி, நல்ல கொங்குப் பேச்சுல. இவ்வளவு அழகா மிமிக்ரி வரும்னு எனக்குத் தெரியாது.”

“முதல்ல என்ன சொன்னா?”

“‘எம் பேரு பொற்கொடிங்க. பருத்தி எடுக்கற பொழுதுக்குச் சொன்ன கதைங்க இது’ன்னு ஆரம்பிச்சாங்க.”

அக்கா, நீங்கள் சொல்லவில்லை. நான் பார்த்தேன்.

கோபம் வேண்டாம். ஒரு வரி எழுதுங்கள். சாப்பிடுகிறீர்களா?

உங்கள்,
பங்காரு


இருட்டுப்பள்ளம்,
21.06.2025

என் அன்புத் தங்கை பங்காருவுக்கு,

சாப்பிடுகிறேன். தூங்குகிறேன். முன் கடிதத்தில் உன்னைத் ‘தாங்கள்’ என்று எழுதியதற்காக வெட்கப்படுகிறேன்.

அவிநாசியில் கையெழுத்துக்காக ஒரு பெண் புத்தகத்தை நீட்டி, “பொற்கொடியம்மா, இதுல உங்க பேரு தப்பா அச்சாயிருக்குதுங்களே” என்றாள். திறந்த பேனாவை மூடிவிட்டேன். அன்று யாருக்கும் கையெழுத்திடவில்லை.

உன்னிடம் மறைத்ததை எழுதிவிடுகிறேன். மூன்றாம் வாரமே அறிந்தேன். தொண்டை வறளாதபோதே அறிந்தேன். நான் படிக்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தேன். எழுந்து வந்துவிட முடிந்திருக்கும், வரவில்லை. உனக்கு நினைவிருக்காது. நான் வயதுக்கு வந்த அன்று அவள் ஒரு கதையைப் பாதியில் வைத்திருந்தாள். மறுநாளிலிருந்து என்னைக் காட்டுக்கு விடவில்லை. ஐம்பத்து மூன்று ஆண்டுகள் அதன் மீதி எனக்குத் தெரியாது. நானே ஒன்றைப் புனைந்து முடித்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. ஆகவே நூலில் சேர்க்கவில்லை. அந்தப் பதின்மூன்றாவது கதையை இங்கு வந்த நாள்முதல் சிறிது சிறிதாகச் சொல்லி வருகிறாள். நாற்காலியைத் திருப்பிய பதினோரு நாளும் சொல்லவில்லை. பன்னிரண்டாம் நாள் நானே அதை மீண்டும் எதிரே போட்டேன். அப்படியிருந்தும் அவிநாசியில் அந்த வாக்கியத்தைப் படித்தேன். என் ஆணவத்தின் உயரம் எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

சென்ற வாரம் சாமுவேலை வரவழைத்தேன். விற்றது போக எஞ்சிய படிகள் அனைத்திலும் முன்னுரைத் தாளை நாங்கள் இருவரும் கிழித்தெடுத்தோம். அவ்விடத்தில் இரண்டே வரிகள் அச்சிட்டு ஒட்டினோம்:

கதை சொன்னவர்: பொற்கொடி.
உம் கொட்டியவர்: ராமாமணி.

பசை காயும் வரை அமர்ந்திருந்தோம். அவர் நாற்காலியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “உங்களுக்கு எங்கக்கா கொரலு கேக்குதுங்களா? நானு கூடப் பொறந்தவனுங்க. எனக்கொண்ணும் கேக்க மாட்டீங்குது.”

“நீங்கள் உம் கொட்டிப் பாருங்கள்” என்றேன்.

அவர் கூச்சத்துடன் மெல்ல ‘ம்’ என்றார். பிறகு நாற்காலிப் பக்கம் தலையைச் சாய்த்து மீண்டும் ‘ம்’ என்றார். எழுந்து போகும்போது எனக்கு வணக்கம் சொல்லவும் மறந்துவிட்டார்.

இருபத்தொன்பதாம் நாள் பொள்ளாச்சி. அதன்பின் ஏழு ஊர்கள். அனைத்திற்கும் நான் போவேன். சொல்பவளுக்கு உம் கொட்ட ஒருத்தி வேண்டுமல்லவா? உன் முழங்கால் இடங்கொடுத்தால் நீயும் வா. முன்வரிசையில் இடம் வைக்கச் சொல்கிறேன்.

என்றும் உன் அக்காள்,
ராமாமணி

பி.கு.: மேலே கையொப்பமிட்டு மை காயக் காத்திருந்த வேளையில் தாளில் வந்திருக்கும் வரிகள் கீழே உள்ளன. கையெழுத்து என்னுடையதாகத்தான் தெரிகிறது. கொச்சையை அடிக்கும் வழக்கமுடையவள் நான். இதை அடிக்க மனம் வரவில்லை.

சின்னம்மணி, நல்லா இருக்கீங்களா. அன்னிக்கு நீங்க குடுத்த தண்ணி இன்னும் நெஞ்சுல இருக்குதுங்க. காது கேக்காட்டி என்னுங்க. நீங்க ஒருக்கா ‘ம்’னு சொல்லுங்க. சத்தமா வேண்டாமுங்க. உதட்ட மூடிட்டுச் சொன்னாப் போதும்.